மணிவளைவுக்குள் உயிர்

1

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பருவத்தின் முதல் நாள், பாடம் தொடங்குவதற்கு முன்பே, மாணவர் கைக்கு ஒரு தாள் வந்துவிடும். என்ன படிக்கப்போகிறோம் என்பது அதில் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் விதிகள். வீட்டுப்பாடத்துக்கு இத்தனை சதம், இடைத்தேர்வுகளுக்கு இத்தனை, இறுதித்தேர்வுக்கு இத்தனை. தாமதமாக வரும் வீட்டுப்பாடம் ஏற்கப்படமாட்டாது. தவறவிட்ட தேர்வு மறுபடி நடத்தப்படமாட்டாது. ஆகக் குறைந்த மதிப்பெண் பெற்ற ஒரு வீட்டுப்பாடம் கணக்கிலிருந்து நீக்கப்படும். விதிவிலக்குகள் கிடையா. பல தாள்களில் கடைசியாக ஒரு வரி: கிரேடு 'வளைவின்படி' வழங்கப்படும்.

உயிரியல், மருத்துவம், வேளாண்மை என்று போகிற மாணவர்களுக்கான முதலாண்டுக் கணக்குப் பாடத்தில் தரப்படும் இத்தகைய தாளை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். நாவலையும் கவிதையையும் கட்டுடைக்கிற நாம் இந்த மாதிரித் தாள்களைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அதிகாரம் நம்மிடம் அன்றாடம் பேசுவதோ இந்த மொழியில்தான்.

முதலில் இதன் இலக்கணம். 'ஏற்கப்படமாட்டாது', 'வழங்கப்படும்', 'நீக்கப்படும்'. யார் ஏற்கமாட்டார்கள்? யார் வழங்குவார்கள்? எழுவாய் காணாமல் போயிருக்கிறது. மழை பெய்யும் என்பதுபோல கிரேடு விழும். 'நீங்கள்' என்ற சொல் கடமைகளைச் சொல்லும் இடத்தில் மட்டும் வருகிறது. அடுத்தது, மாணவருக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதாக இந்தத் தாள் ஒப்புக்கொள்வது அநேகமாக ஒரே இடத்தில்தான்: மருத்துவச் சான்றிதழ் பற்றிய வாசகத்தில். உயிரைப் பற்றிய படிப்புக்கு வாசலாக இருக்கிற பாடத்தில், காய்ச்சல் வந்தால் மட்டும்தான் உயிர் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த ஒரு வீட்டுப்பாடத்தை நீக்குவதும் தயவு அல்ல, நிர்வாகம். வேலைக்குப் போய் வந்து தூங்கிவிட்டவர், தங்கச்சிக்கு உடம்பு சரியில்லாதவர், வெறுமனே மறந்துபோனவர் எல்லாருக்கும் சேர்த்து மொத்தமாக ஒரு கருணை. இனி யாரும் யார் கதையையும் கேட்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் அவசரப்பட்டு 'விதியே வன்முறை' என்று முடித்துவிடக் கூடாது. முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் முந்நூறு கதைகளைக் கேட்டு முடிவெடுக்க ஓர் ஆசிரியரால் ஆகாது. எழுதி வைத்த விதி இல்லாத இடத்தில் சலுகை யாருக்குப் போகும் என்பது நமக்குத் தெரியாதா என்ன? ஆசிரியரின் அறைக்கதவைத் தட்டத் தெரிந்தவனுக்கு, அவர் பேசுகிற மாதிரியே பேசத் தெரிந்தவனுக்குப் போகும். வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவளுக்கு எழுதப்பட்ட விதி ஒரு பாதுகாப்பு. ஆகவே விதி இருப்பது பிரச்சினை இல்லை. எந்த விதி, அது எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. குறிப்பாக அந்தக் கடைசி வரி.

2

வளைவின்படி என்றால் என்ன? நம்மூர்ப் பள்ளித் தேர்வில் 35 வாங்கினால் தேர்ச்சி. பக்கத்தில் இருப்பவன் 90 வாங்கினாலும் 20 வாங்கினாலும் நம்ம 35 அதே 35தான். வளைவில் அப்படி இல்லை. மேலே இத்தனை பேருக்கு 'ஏ', நடுவில் இத்தனை பேருக்கு 'பி', 'சி', அடியில் இத்தனை பேருக்கு 'டி', 'எஃப்' என்று வகுப்பை வரிசையாக நிறுத்திப் பங்கு போடுவது. இங்கே ஐ.ஐ.டி.கள் பழக்கிய ஒப்பீட்டுக் கிரேடும் இந்த வம்சம்தான். நீ என்ன கற்றாய் என்று இந்த எழுத்து சொல்வதில்லை, எங்கே நிற்கிறாய் என்று மட்டும் சொல்கிறது. பக்கத்தில் இருப்பவளுக்கு ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்தால் நமது இடம் ஒரு படி இறங்கலாம்.

இதே பாடத்தில் பெருக்கச் சமன்பாடு ஒன்று வரும். 1838இல் பெல்ஜியக்காரரான வெர்ஹுல்ஸ்ட் எழுதியது. ஒரு குளத்தில் மீன்கள் பெருகிக்கொண்டே போக முடியாது, இரைக்கு எல்லை உண்டு, ஓரளவில் பெருக்கம் நின்றுவிடும் என்பது அதன் சாரம். சரி, 'ஏ' என்ற எழுத்துக்கு என்ன பஞ்சம்? மை தீர்ந்துவிடுமா? இல்லாத பஞ்சத்தை உண்டாக்கி, அதில் மாணவர்களைப் போட்டிபோட விட்டு, அதற்கு இயற்கை என்று பெயர் வைக்கும் காரியம் இது.

இந்த வளைவுக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1809இல் காஸ் இதை வானியல் அளவீட்டுப் பிழைகளுக்காகப் பயன்படுத்தினார். நட்சத்திரம் இருக்கும் இடம் ஒன்றுதான். பார்ப்பவர்களின் அளவீடுகள்தான் பலவாகச் சிதறுகின்றன. அந்தச் சிதறல் மணி வடிவம் கொள்ளும். பிறகு கெட்லே வந்தார். 1835இல் 'சராசரி மனிதன்' என்ற கருத்தை முன்வைத்தார். ஸ்காட்லாந்துச் சிப்பாய்களின் மார்பளவிலும் அவருக்கு அதே மணி வடிவம் தெரிந்தது. நட்சத்திரத்தின் இடத்தில் சராசரி மனிதன் ஏறிக்கொண்டான். மற்றவர்களெல்லாம் பிழைகள்.

1859இல் டார்வின் இதைத் தலைகீழாக்கினார். ஓர் உயிரினத்துக்குள் காணப்படும் வேறுபாடு பிழையல்ல, பரிணாமத்தின் மூலப்பொருளே அதுதான். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் இயற்கைத் தேர்வுக்கு வேலையே இல்லை. நவீன உயிரியலின் அஸ்திவாரம் இது.

டார்வினின் உறவினரான கால்ட்டன் இந்த வேறுபாட்டை எடுத்து மறுபடி ஏணியாக்கினார். 1869இல் மேதைமை பரம்பரையாக வருவது என்று வாதிட்டு ஒரு நூல் எழுதினார். அதில் அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்வு மதிப்பெண்கள். முதலில் நின்றவர் 7,500க்கு மேல், தேறியவர்களில் கடைசியில் நின்றவர் 300க்கும் கீழ். பார், இயற்கை எவ்வளவு வித்தியாசம் வைத்திருக்கிறது என்றார். அந்தத் தேர்வுக்குப் பணம் கொடுத்துத் தனி ஆசிரியரிடம் பழகுவது கேம்பிரிட்ஜில் ஊரறிந்த வழக்கம். கால்ட்டனும் அப்படிப் படித்தவர்தான். படிப்பின் நடுவே உடல்நலம் குலைந்து, கணிதத் தரவரிசையில் இடம் பெறாமல் சாதாரணப் பட்டத்தோடு வெளியேறியவர். தன்னை நொறுக்கிய தேர்வையே இயற்கையின் தீர்ப்பாக அவர் ஏற்றுக்கொண்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தோற்றவர்கள் பலரும் அப்படித்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். 1883இல் இனமேம்பாட்டியலுக்குப் பெயர் சூட்டியவரும் அவரே. 1890இல் ஃபிலிப்பா ஃபாசெட் என்ற பெண் அதே கணிதத் தேர்வில் முதல்வனைவிட மேலே வந்தார். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948இல்தான். மதிப்பெண் பேசிவிட்டது, பல்கலைக்கழகத்துக்குக் காது கேட்கவில்லை.

1909 தேர்வோடு கேம்பிரிட்ஜ் கணிதத் தரவரிசையைக் கைவிட்டது. அதற்கு ஓராண்டு முன்பு, 1908இல், அமெரிக்காவின் மிசௌரிப் பல்கலைக்கழகத்து உளவியலாளர் மாக்ஸ் மேயர் ஒரு பங்கீட்டை முன்வைத்தார். நூற்றுக்கு 3 பேர் சிறப்பு, 22 பேர் அடுத்து, 50 பேர் நடுத்தரம், 22 பேர் கீழ், 3 பேர் தோல்வி. தேர்வு எழுதும் முன்பே முடிவு தயார்.

இந்த வம்சாவளியோடு அந்தத் தாளுக்குத் திரும்பினால் நமக்குத் தெரிவது இதுதான்: ஒரே பாடத்துக்குள் இரண்டு கணக்குகள் நடக்கின்றன. கரும்பலகையில், வேறுபாடுதான் உயிர். விதித்தாளில், வேறுபாடு என்பது தரவரிசை. உயிரியல் வெட்கப்பட வேண்டிய ஒரு சொல்லாடல், உயிரியல் மாணவரின் தலையிலேயே திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. கணக்கின்படி பார்த்தாலும் இது தப்பு. ஒன்றையொன்று சாராத பல சிறு காரணங்கள் தற்செயலாகக் கூடும் இடத்தில் மணிவளைவு வரும். கற்பித்தல் தற்செயலா? அது நோக்கத்தோடு செய்யும் காரியம், நன்றாகக் கற்பித்தால் வளைவு உடைய வேண்டும் என்று 1968லேயே பெஞ்சமின் புளூம் வாதிட்டார். வளைவு அப்படியே கிடக்கிறது என்றால் கற்பித்தல் நடக்கவில்லை என்று பொருள்.

3

'மதிப்பெண் என்பது அளவீடு, அதில் அரசியல் எதற்கு?' என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. 1912, 1913 ஆண்டுகளில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே விடைத்தாளைப் பல ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். ஆங்கிலத் தாளில் மதிப்பெண்கள் சிதறியதும், அது இலக்கியம், அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அடுத்து வடிவியல் தாள். அதற்கு ஓர் ஆசிரியர் 28 போட, இன்னொருவர் 90க்கு மேல் போட்டார். ஒரே தாள், ஒரே கணக்கு.

இந்த எழுத்துக்களை வைத்துத்தான் வடிகட்டுகிறார்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வில் நுண்கணிதம் கேட்கப்படுவதில்லை. ஆனாலும் மருத்துவர் ஆக நினைத்தவர்களில் பலரை அந்த ஆசையைக் கைவிட வைத்ததில் முதலாண்டு நுண்கணிதத்தில் வாங்கிய 'சி'க்கும் 'டி'க்கும் பங்கு உண்டு. தேவைப்படாத ஒன்று சல்லடையாகப் பயன்படும்போது சல்லடைக்கு என்ன வேலை என்று கேட்டாக வேண்டும்.

1970களில் பெர்க்லியில் யூரி டிரைஸ்மன் இப்படிக் கேட்டார். நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் இத்தனை பேர் தோற்கிறார்கள்? சக ஆசிரியர்களிடம் தயாராகப் பதில்கள் இருந்தன. ஊக்கம் போதாது, பள்ளியில் அடித்தளம் போதாது, குடும்பம் துணை நிற்பதில்லை, வறுமை. இதே பட்டியலை நம்மூர் ஆசிரியர் அறைகளிலும் கேட்டிருக்கிறோம், சாதிப்பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். டிரைஸ்மன் மாணவர்கள் கூடவே போய்ப் பார்த்தார். அவர் பார்த்த கறுப்பின மாணவர்கள் கடுமையாக உழைத்தார்கள், ஆனால் தனியாக உட்கார்ந்து உழைத்தார்கள். சீன அமெரிக்க மாணவர்கள் கூடி உட்கார்ந்து, ஒருவர் விடையை ஒருவர் சோதித்துக்கொண்டார்கள். அவர் கடினமான கணக்குகளை வைத்துக் கூட்டாகப் படிக்கும் பட்டறைகளைத் தொடங்கினார். அதில் சேர்ந்தவர்கள் தேறினார்கள், முன்னேயும் வந்தார்கள். தோற்றது மாணவர்களின் மூளை அல்ல, அவர்களைத் தனித்தனியாக்கிய ஏற்பாடு. கூடிப் படிப்பதைத் தண்டிக்கும் வளைவும் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி.

இன்னொரு உதாரணம் லாஸ் ஏஞ்சலிஸ். அங்குள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 2013இலிருந்து ஆலன் கார்ஃபிங்கெலும் சக ஆசிரியர்களும் உயிரியல் மாணவர்களுக்கான கணக்கையே மாற்றி எழுதினார்கள். வழக்கமான நுண்கணித வரிசைக்குப் பதிலாக மாறிக்கொண்டே இருக்கும் அமைப்புகள், பின்னூட்டம், கணினி நிரல் எழுதுவது. சுறாவும் சூரை மீனும் ஒன்றையொன்று சார்ந்து ஏறி இறங்குவதிலிருந்து கணக்கு தொடங்குகிறது. இது 1926இல் வொல்த்தெர்ரா எழுதிய சமன்பாட்டின் வாரிசு. முதல் உலகப் போரால் ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடி குறைந்தபோது வலையில் வேட்டை மீன்களின் பங்கு கூடியது ஏன் என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் அது. புதிய பாடம் படித்தவர்கள் அடுத்து வந்த இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் பழைய பாடம் படித்தவர்களைவிட மேலான கிரேடு வாங்கியதாக 2021இல் ஆய்வு வெளிவந்தது. 'இவங்களுக்குக் கணக்கு வராது' என்று சொல்லிவந்தது மாணவர்களைப் பற்றிய உண்மை அல்ல, பாடத்திட்டத்தைப் பற்றிய உண்மை.

நல்ல காரியம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பாடம் வென்றது என்பதற்கு முக்கியச் சான்றாக நிற்பதும் கிரேடுதான். உள்ளடக்கத்தைக் கேள்வி கேட்கத் துணிந்தவர்களும் தங்கள் தரப்பை நிறுவ அதே அளவுகோலிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

4

இதில் நம்மூருக்கும் ஒரு கிளைக்கதை உண்டு. கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்து, 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்த ராமானுஜன் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. கணக்கு அவருக்குப் பிரச்சினை இல்லை. அவரைக் கவிழ்த்த பாடங்களில் ஒன்று உடலியங்கியல். உயிரியல் மாணவரைக் கணக்கு வடிகட்டுவதும், கணக்கு மாணவரை உயிரியல் வடிகட்டுவதும் ஒரே சல்லடையின் இரு பக்கங்கள்.

இந்தக் கதையை நாம் எப்படிச் சொல்லிவருகிறோம்? 'ஒரு மேதையை இழக்க இருந்தோமே' என்று. இதுவும் வளைவின் பேச்சுதான். மேதைக்கு விதிவிலக்கு கேட்பது விதியை எதிர்ப்பதாகாது. ராமானுஜனுக்கு ஹார்டி கிடைத்தார். அதே 1906இலும் 1907இலும் எஃப்.ஏ. தேறாமல் வீடு திரும்பிய மற்றவர்கள்? மேதையாக இல்லாத குற்றத்துக்காக அவர்கள் தோற்றது நியாயமாகிவிடுமா? கல்வி பற்றிய நமது விவாதங்கள் முத்தை எடுப்பதைப் பற்றியே பேசி, கடலில் கிடப்பவர்களை மறந்துவிடுகின்றன.

5

தாளில் எழுவாய் காணாமல் போனதாகச் சொன்னேன். அந்த எழுவாய் ஒருமுறை நேரில் வந்து நின்றது. 2019 டிசம்பரில் சாண்டா குரூஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில், விடைத்தாள் திருத்தும் பட்டதாரி மாணவர்கள் வாடகை கட்ட முடியவில்லை, மாதம் 1,412 டாலர் கூடுதலாக வேண்டும் என்று கேட்டு, கிரேடுகளை ஒப்படைக்க மறுத்தார்கள். 2020இல் நிர்வாகம் பலரை வேலையிலிருந்து நீக்கியது. 2022 நவம்பரில் அந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லா வளாகங்களிலுமாக ஏறத்தாழ 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தபோது மறுபடி கிரேடுகள் நின்றன. 'வழங்கப்படும்' என்ற வினைக்குப் பின்னால் வாடகை கட்ட முடியாத ஒரு கை இருந்தது. அந்த எழுத்தைப் போடாமல் விட்டால் பல்கலைக்கழகம் திணறும் என்பதும் தெரிந்தது. கற்றல் நின்றால் அது இவ்வளவு சீக்கிரம் பதறியிருக்குமா என்பது வேறு விஷயம்.

2020 வசந்தத்தில் பெருந்தொற்று வந்தபோது, 'விதிவிலக்குகள் கிடையா' என்று எழுதி வைத்திருந்த பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில நாட்களுக்குள் கிரேடுக்குப் பதிலாகத் 'தேர்ச்சி', 'தேர்ச்சியில்லை' என்பதை அனுமதித்தன. வானம் இடிந்துவிழவில்லை. விதி இயற்கை இல்லை, மாற்றக்கூடியது என்பதை விதி எழுதியவர்களே நிரூபித்தார்கள்.

மாற்று என்ற பெயரில் வருகிற எல்லாவற்றையும் வரவேற்கவும் முடியாது. ஒரு பெரிய தேர்வுக்குப் பதில் வாராவாரம் சின்னத் தேர்வு, வருகைக்கு மதிப்பெண், 'பங்கேற்பு'க்கு மதிப்பெண், கணினியில் எத்தனை மணிக்கு நுழைந்தாய் என்பதற்குப் பதிவேடு. தேர்வு என்பது பார்வையையும் தீர்ப்பையும் ஒன்றாக்கும் தொழில்நுட்பம் என்று 1975இல் ஃபூக்கோ காட்டியது நினைவுக்கு வர வேண்டும். ஆண்டுக்கொரு முறை நடந்த விசாரணையை அன்றாட விசாரணையாக்குவது விடுதலை ஆகாது.

கேட்க வேண்டியவை எளியவைதான். எது தெரிந்தால் தேர்ச்சி என்பதை முதல் நாளே சொல். அது தெரிந்தவர் எத்தனை பேரானாலும் அத்தனை பேருக்கும் அந்த எழுத்தைக் கொடு. நான்காவது வாரத்தில் தெரியாதது பத்தாவது வாரத்தில் தெரிந்துவிட்டால் பழைய தோல்வியை அழி. பின்னூட்டம் பற்றிப் பாடம் நடத்துகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விதித்தாளை எழுதும்போது, அதன் கீழ் வாழப்போகிறவர்களும் அதை வைத்துத் திருத்தப்போகிறவர்களும் உடன் இருக்கட்டும்.

பாடநூலில் யாருடைய வரலாறு இருக்கிறது, யாருடைய மொழி இருக்கிறது என்று நாம் சண்டை போட்டிருக்கிறோம், போட வேண்டியதுதான். ஆனால் பாடநூலின் எந்தப் பக்கத்தையும்விட அதிகமான பேரை வெளியே அனுப்பியது மதிப்பெண் விதிதான். அதன்மேல் இன்னும் நாம் கை வைக்கவே இல்லை.