மூன்றில் ஒரு பங்கு

தமிழக அரசின் ‘நமக்கு நாமே’ திட்டத்தை ஜனநாயகத்தின் பூரண வடிவமென்று புகழ்வது இப்போது ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. 1997-98-இல் தோன்றி, இடையில் நின்று, 2021-22-இல் மீண்டும் உயிர்பெற்ற அத்திட்டத்தின்படி, தெருவாரோ சங்கத்தாரோ வேலையின் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைத் திரட்டிக் கட்டினால், எஞ்சியதைச் சர்க்கார் கொடுத்துப் பூங்காவையோ குளத்தையோ சீர்செய்கிறது. தாம் பணம் கொடுத்த வேலையை ஜனங்கள் கண்காணிப்பார்கள், முடிந்தபின் பேணுவார்கள் என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

ஆயினும், பொதுப்பணத்தின் இரண்டு பங்கு எங்கே செல்லவேண்டுமென்பதைத் தனியார் பணத்தின் ஒரு பங்கு தீர்மானிக்கிறதே, அதுதான் என் நெடுநாளைய ஆட்சேபம். ராஜபாளையத்தில் ஆலைச் செல்வம் புழங்கும் வீதியொன்று ஒரு மாலைப்பொழுதில் திரட்டிவிடும் தொகையை, ஸ்ரீவில்லிபுத்தூரில் கைத்தறியை நம்பிப் பிழைக்கும் தெரு ஓராண்டு முயன்றாலும் திரட்ட இயலாது. உதவியின் அவசியமோ பின்னதற்கே அதிகம். ஏழைகளுக்குப் பங்கைச் சற்றுக் குறைத்தாலும், கொடுக்க முடிந்தவனுக்கே கொடுப்பது என்னும் நெறி மாறுவதில்லை. கண்மாய்க்கு நீர் கொணரும் வரத்துக்கால் பல தெருக்களைக் கடந்து வருகிறது. அதைத் தன்னுடையதென்று எண்ணிப் பணம் கட்டும் தெரு எது? பூங்காவுக்கு நன்கொடையாளர் கிடைப்பார், அவர் பெயரும் கல்லில் நிற்கும். தூர்ந்துபோன கால்வாய்க்கு எவர் வருவார்?

கண்மாய்களை ஊராரே கூடிச் செப்பனிட்ட பழைய குடிமராமத்தை இத்திட்டத்துக்கு முன்னோடியென்று காட்டுவோர் அதன் தர்மத்தை மறந்து பேசுகிறார்கள். நீர் பெறுகிறவர்களிடம் அது உழைப்பைக் கேட்டது. எந்தக் கரையை முதலில் உயர்த்துவது என்பதைக் கண்மாயின் நிலைமை தீர்மானித்ததேயன்றி, ஊராரின் கையிருப்பு தீர்மானிக்கவில்லை. ஈகையை நான் பழிக்கவில்லை. தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு ஈந்த முன்னாள் முதல்வர் பூ. ச. குமாரசாமி ராஜாவின் ஊராகிய ராஜபாளையத்துக்கு ஈகையைப் பற்றி எவரும் போதிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஈகை கஜானாவிலிருந்து இரண்டு பங்கைத் தன் பின்னே இழுத்துச் செல்லவில்லை.

2022-ஆம் ஆண்டு விதிகளால், கிராம சபைகளைப் போல நகராட்சிகளுக்கும் பகுதி சபைகள் வந்துவிட்டன. எந்த வேலை முதலில் நடக்கவேண்டும் என்பதை அவசியம் ஒன்றையே அளவாகக் கொண்டு அச்சபைகள் முடிவுசெய்யட்டும். அதன்பின் இயன்றவர் பொருளும், மற்றவர் உழைப்பும் மேற்பார்வையும் நல்கட்டும். கால்வாயும் குளமும் வரி செலுத்தும் பிரஜைக்கு ஏற்கெனவே உரியவை. அவற்றுக்கு அவனிடம் இரண்டாம் முறை விலை கேட்பது உள்ளாட்சி தர்மம் ஆகாது.