கட்டிய அரண்மனை, கட்டப்பட்ட அரண்மனை

மட்டாஞ்சேரி அரண்மனையைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்: போர்த்துகீசியர்களால் கட்டப்பட்டு, கொச்சி அரசருக்கு வழங்கப்பட்டு, டச்சுக்காரர்களால் புதுப்பிக்கப்பட்ட அரண்மனை. தகவல் சரிதான். 1555-ஐ ஒட்டிப் போர்த்துகீசியர் கட்டி வீரகேரள வர்மாவுக்குக் கொடுத்தார்கள். 1663-இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் பழுதுபார்த்தார்கள். ஆனால் ஒரே மூச்சில் மூன்று 'படு' எதற்கு?

இது ஆங்கிலத்திலிருந்து வந்த பழக்கம். அங்கே ஒரு வினை பெயரோடு சேரும்போது, அந்தப் பெயர் செய்ததா, செயலுக்கு ஆளானதா என்று வடிவத்திலேயே காட்டியாக வேண்டும். அதனால் செயப்பாட்டு எச்சம் அம்மொழிக்கு அன்றாடத் தேவை. அங்கே அது சுருக்கமானதும்கூட. தமிழ்ப் பெயரெச்சத்துக்கு அந்த நெருக்கடி இல்லை. கட்டிய கொத்தனார், கட்டிய வீடு, கட்டிய ஆண்டு, கட்டிய இடம் என எல்லாவற்றுக்கும் ஒரே 'கட்டிய' போதும். செய்பவன் தொடங்கிச் செய்பொருள்வரை ஆறுவகைப் பெயரையும் பெயரெச்சம் ஏற்கும் என்று நன்னூலே சொல்கிறது. வீடு தன்னைத் தானே கட்டிக்கொள்ளாது என்பது கேட்பவருக்குத் தெரியும். கொச்சிக்காரர்களும் மலையாளப் பேச்சில் 'பணித வீடு' என்றுதான் சொல்கிறார்கள்.

அதற்காக 'படு'வையே ஒதுக்கிவிட வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெயர் ஒரு மனிதரைக் குறிக்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. 'தாக்கிய வீரன்' வேறு, 'தாக்கப்பட்ட வீரன்' வேறு. இங்கே 'படு'வை எடுத்தால் பொருளே தலைகீழாகிவிடும். சட்டத்துக்கும் அது வேண்டும். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒரு கட்டடத்தைப் 'பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம்' என்று சொல்வது அதன் தகுதியைக் குறிக்கிறது. 'பாதுகாத்த' என்றால் அந்தத் தகுதி வராது. அரண்மனைச் சுவர்களில் உள்ள ராமாயணக் காட்சிகளை 'வரையப்பட்ட ஓவியங்கள்' என்பதிலும் குற்றமில்லை. வரைந்த கைகளின் பெயர் நமக்கு வந்து சேரவில்லையே.

செய்தவர் யாரென்று தெரிந்தும் சொல்லாமல் விடும்போதுதான் இந்த வடிவம் கெடுதல் செய்கிறது. அரண்மனைக்குப் பக்கத்திலேயே, 1568-இல் யூதர்கள் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. '1662-இல் சேதப்படுத்தப்பட்ட ஆலயம்' என்று எழுதிவிட்டால் இலக்கணம் நிறைந்துவிடும், வரலாறு நிறையாது. சேதப்படுத்தியவர்கள் போர்த்துகீசியர்கள். யூதர்கள் டச்சுக்காரர்கள் பக்கம் சாய்ந்ததற்குப் போர்த்துகீசியர்கள் தீர்த்துக்கொண்ட பழி அது. 'ஆல்' உருபோடு செய்தவரைச் சேர்க்க இடம் உண்டு என்பார்கள். உண்டுதான், ஆனால் வாக்கியம் அவர் இல்லாமலே நிற்கும் என்பதால் முதலில் கழன்று விழுவது அவர்தான்.

என்னை மிகவும் உறுத்துவது ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்ற பகுதியில் உள்ள தமிழ் வண்ணார்களைப் பற்றிய குறிப்புகள். 'டச்சுக்காரர்களால் கொண்டுவரப்பட்ட தமிழர்கள்' என்கிறார்கள். ராணுவத் துணி வெளுக்க டச்சுக்காரர்கள் அழைத்துவந்த குடும்பங்களின் வழியினர் என்று சொல்லப்படுபவர்கள் இவர்கள். 'கொண்டுவரப்பட்ட' என்பது ஜெப ஆலயத்தின் தரையில் பதித்திருக்கும் சீன ஓடுகளுக்குப் பொருந்தும். சரக்குக்கும் மனிதருக்கும் ஒரே எச்சமா? வேலை கொடுத்தவரின் செயல் மட்டும் வாக்கியத்தில் நிற்கிறது. ஊரை விட்டுக் கிளம்பியவர்கள் எதையுமே செய்யாதவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

அங்கே உள்ள தோபிகானா என்ற சலவைக்கூடத்தை வண்ணார் சங்கம் நடத்துகிறது. ஆளுக்கொரு தொட்டியும் துவைகல்லும் உண்டு. வெளுத்த துணிக்குக் கஞ்சி போட்டு, இரட்டையாக முறுக்கிய கயிற்றின் இடுக்கில் அதன் நுனியைச் செருகிக் காயவிடுகிறார்கள், கிளிப் தேவைப்படுவதில்லை. இதையும் 'துணிகள் துவைக்கப்படுகின்றன, உலர்த்தப்படுகின்றன, தேய்க்கப்படுகின்றன' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். துவைக்கிறவர் எதிரிலேயே நிற்கிறார். அவரை எழுவாயாக்கினால் வாக்கியம் ஒன்றும் நீண்டுவிடாது, குறையத்தான் செய்யும்: வண்ணார்கள் துவைக்கிறார்கள், உலர்த்துகிறார்கள், தேய்க்கிறார்கள்.