மலை யாருக்கு மருந்து? ‘ஹைடி’ சித்திரத் தொடர் பற்றிய ஒரு மதிப்பீடு

சுவிற்சர்லாந்து எழுத்தாளர் யொஹன்னா ஸ்பைரியின் நாவலைத் தழுவி, 1974ஆம் ஆண்டு யப்பானியத் தொலைக்காட்சியில் 52 பகுதிகளாக வெளிவந்த சித்திரத் தொடர் ‘ஹைடி’. இதனை நெறிப்படுத்தியவர் இசாவோ தகஹாத்தா. காட்சியமைப்பு ஹயாவோ மியசாக்கியுடையது. பாட்டனாரிடம் மலையில் வளரும் அனாதைச் சிறுமி, நகரத்துச் செல்வர் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, ஏக்கத்தால் நோயுற்று, மீண்டும் மலைக்குத் திரும்புவதே கதை. சிறுவர்க்குரியதென இதனை ஒதுக்கிவிடலாகாது. மலைக்கும் நகருக்குமுள்ள உறவே இதன் பொருள். ஊவாத் தோட்டங்களுக்கோ அது உயிர்ப் பிரச்சினை.

அன்றாட வாழ்வை நிதானமாக நோக்குவது இத்தொடரின் தலையாய சிறப்பு. ஆடு மேய்த்தல், பாற்கட்டியை நெருப்பில் உருக்குதல், வைக்கோற் படுக்கை அமைத்தல் என்பனவே பெரும் நிகழ்ச்சிகள். 1973இல் கலைஞர்கள் சுவிற்சர்லாந்து சென்று நேரிற் கண்டறிந்தமையின் பயன் இது. மலையிலுள்ள குருட்டுப் பாட்டிக்காக ஹைடி வெண்ரொட்டிகளை அலுமாரியில் ஒளித்துவைக்கும் காட்சி, வர்க்க வேறுபாட்டை ஒரு சொல்லும் இன்றி உணர்த்துகிறது. பதுளை, பசறைத் தோட்டங்களிலிருந்து கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுமியரை அறிந்தோர் அதனை எளிதிற் கடந்துசெல்லார். ஆயின், ஹைடியின் ஏக்கத்தை இனங்கண்டு வீட்டுக்கு அனுப்ப ஒரு மருத்துவர் இருந்தார், அச்சிறுமியர்க்கு எவருமில்லை.

குறைகளும் இங்கிருந்தே தொடங்குகின்றன. நாவலில் ஆட்டுக்காரச் சிறுவன் பீட்டர், செல்வச் சிறுமி கிளாராமீது பொறாமைகொண்டு அவளது சக்கர நாற்காலியைச் சரிவில் தள்ளிவிடுகிறான். தொடரிலோ கிளாரா எடுக்க முயலும்போது அது தவறி உருண்டு உடைகிறது. பீட்டர் நல்லவனாகிறான், ஏழையின் சினம் காணாமற் போகிறது. அவன் வீட்டின் வறுமையும் பாட்டனாரின் சுத்தியலால் செப்பனிடப்பட்டுவிடுகிறது.

கிளாராவை நடக்கவைக்கும் மலை, வந்துபோவோரின் மலை. அங்கேயே உழைத்து வாழ்வோருக்கு அது வேறு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்தவில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. அம்மலையும் காண்போர்க்கு அழகியதே. மலையை மருந்தாக மட்டும் காணும் பார்வை ஸ்பைரியிடமிருந்தே வந்ததெனினும், நாவலைத் துணிந்து மாற்றிய கலைஞர்கள் இதனை மாற்றாது விட்டமை நோக்கற்பாலது.

எனினும், உழைப்பின் சிறு அசைவுகளையும் மதிப்புடன் வரைந்த அக்கைத்திறன் போற்றத்தக்கது. அத்திறனோடு, பீட்டரின் சினத்தையும் வரையவல்ல ஒரு படைப்பு மலையகத்திலிருந்து எழுமாயின், அது ‘ஹைடி’யை விஞ்சி நிற்கும்.