படகுக்குப் பத்தாயிரம், கூடைக்கு?

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா 2023 டிசம்பரில் ஏறக்குறைய இரண்டு வாரம் வரவில்லை. திருவொற்றியூரில் வெள்ளம் வடிந்து, மின்சாரம் வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகும் வரவில்லை. ஒரு நாள் காலை அன்னக்கூடையோடு வந்து நின்றவரிடம் எதிர்வீட்டுப் பெண் கேட்ட முதல் கேள்வி, "எண்ணூர் மீனா?" என்பது. "காசிமேட்டுல ஏலம் எடுத்ததும்மா" என்று மூன்று வீட்டில் சொன்னார். மூன்று வீட்டிலும் வாங்கவில்லை. நானும் அன்று வாங்கவில்லை. எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு அவர் கேட்டார்: "படகுக்குப் பத்தாயிரம் குடுக்கறாங்களாம். என் கூடைக்கு இன்னாம்மா குடுப்பாங்க?"

அரசின் நிவாரண அறிவிப்பைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையானது இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கும் முயற்சி.

நடந்ததை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். மிக்ஜாம் புயல் மழை டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையை மூழ்கடித்தது. அந்த வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்தது. பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு, எண்ணூர் முகத்துவாரம் என்று பரவிக் கடலுக்குப் போனது. சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வந்த எண்ணெய் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. தன் குழாயில் கசிவு இல்லை என்று நிறுவனம் சொன்னது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கூழைக்கடாக்கள் உடம்பெல்லாம் எண்ணெய் அப்பி நின்ற படங்கள் நாடு முழுக்கப் போயின. மீனவர்கள் வாளியால் எண்ணெய் அள்ளினார்கள். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோதும் இதே வாளிதான். ஆறு வருடத்தில் நாம் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

பிறகு நிவாரணம் அறிவிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளைச் சீரமைக்கத் தலா 10,000 ரூபாய். பாதிக்கப்பட்ட 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். மொத்தம் சுமார் 8.68 கோடி. தொகை போதுமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது, நியாயமாகவே எழுந்தது. ஆனால் தொகையை இரண்டு மடங்காக்கினாலும் அக்காவின் கேள்வி அப்படியே இருக்கும். ஏனென்றால் அவர் கேட்டது எவ்வளவு என்று அல்ல. எதை எண்ணினீர்கள் என்று.

அந்தப் பட்டியல் இரண்டு பொருள்களை எண்ணுகிறது: குடும்பம், படகு. படகு ஒரு தொழில் கருவி. அதற்குச் சேதம் உண்டு என்று அரசு ஒப்புக்கொள்கிறது. குடும்பத் தொகைக்கு மேல் தனியாகக் கொடுக்கிறது. மீன் விற்கும் பெண்ணின் தொழிலுக்கு அப்படித் தனி வரி இல்லை. அவருடைய முதலீடு என்ன? விடியுமுன் காசிமேட்டுக்குப் போய் ஏலம் எடுக்கப் பணம், பெரும்பாலும் தண்டலுக்கு வாங்கியது. ஐஸ் காசு. மீன்பாடி வண்டிக்கோ ஷேர் ஆட்டோவுக்கோ கூலி. எல்லாவற்றுக்கும் மேலாக, இருபது முப்பது வருடம் ஒரே தெருக்களில் நடந்து சேர்த்த நம்பிக்கை. "இந்தம்மா கெட்ட மீனைத் தராது" என்பதுதான் அவருடைய படகு. எண்ணெய் முதலில் மூழ்கடித்தது அதைத்தான். அவர் விற்ற மீனில் எண்ணெய் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. இருக்கலாம் என்று நாங்கள் நினைத்ததே போதும். தண்டல்காரருக்கோ புயலும் தெரியாது, கசிவும் தெரியாது.

"குடும்பத்துக்குக் கொடுத்தால் பெண்ணுக்கும் சேர்ந்ததுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. அவசர காலத்தில் ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருக்க முடியுமா என்பதும் நியாயமான கேள்விதான். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ரேஷன் அட்டையில் பெண்ணையே குடும்பத் தலைவியாக வைக்கச் சொல்கிறது. புயல் நிவாரணமான 6,000 ரூபாயை வாங்க ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதை நாமே பார்த்தோம். ஆனால் வரிசையில் நிற்பது வேறு, கணக்கில் இருப்பது வேறு. மாமியாரும் மருமகளும் தனித்தனிக் கூடையோடு வேறு வேறு தெருவுக்குப் போகும் வீடுகள் இங்கே இருக்கின்றன. இரண்டு தொழில் நின்றது. பட்டியலில் ஒரு குடும்பம். எண்ணூர் மீனை வாங்கித் தண்டையார்பேட்டையில் விற்கும் பெண் எண்ணூரில் குடியிருக்காவிட்டால், ஊரை வைத்து எழுதப்படும் பட்டியலில் அவர் இல்லவே இல்லை.

இது இந்த ஒரு அறிவிப்பின் பிழை அல்ல. நம் கடற்கரையில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. மீனவ ஊர்களில் பங்கு பிரிப்பது தலைக்கட்டுக் கணக்கில். தலைக்கட்டு என்பது வரி கட்டும் ஆண். 2004 சுனாமிக்குப் பிறகு நாகை, கடலூர் கரைகளில் நிவாரணம் ஊர் வழியாகப் பிரிக்கப்பட்டபோது, கணவனை இழந்த பெண்களும் தனித்து வாழும் பெண்களும் பல இடங்களில் முழுப் பங்கு கிடைக்காமல் நின்றார்கள். அன்று களத்தில் இருந்தவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஊரின் தலைக்கட்டும் அரசின் குடும்பமும் பெயரில்தான் வேறு.

தரவு இல்லாததால் இப்படி ஆயிற்று என்று சொல்வதற்கு இடமில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் எடுக்கும் மீனவர் கணக்கெடுப்பில் மீன் விற்கும், உலர்த்தும், இறால் உரிக்கும் பெண்கள் தனியே எண்ணப்படுகிறார்கள். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் நடந்து விற்பவரையும் வியாபாரி என்கிறது. அடையாள அட்டை தரச் சொல்கிறது. தமிழ்நாடு அரசுக்கே மீனவ மகளிர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. மீன் பிடி குறைந்த மாதங்களுக்காகப் பெண்கள் 1,500 ரூபாய் கட்ட, அரசு 3,000 சேர்த்து 4,500ஆகத் திருப்பித் தருகிறது. அதில் பெண்கள் பெயர் பெயராக இருக்கிறார்கள். பணம் கட்டும்போது பெயர் உள்ளவள், நட்டம் வந்ததும் குடும்பத்துக்குள் காணாமல் போகிறாள்.

இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இதே அரசு 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். அதை உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்றார்கள். வீட்டில் பெண் செய்யும் கூலியில்லா உழைப்புக்கு அங்கீகாரம் என்றார்கள். பெண்ணியம் பல பத்தாண்டுகளாகச் சொன்னதை ஒரு அரசு தன் வாயால் சொன்ன தருணம் அது. அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். நியூசிலாந்தின் மேரிலின் வாரிங் 1988இல் எழுதிய புத்தகத்தின் மையவாதமே தேசத்தின் கணக்கு பெண்ணின் உழைப்பை விட்டுவிடுகிறது என்பதுதான். ஆனால் செப்டம்பரில் ஒப்புக்கொண்டதை டிசம்பர் வரைகூடக் கொண்டுவர முடியவில்லை.

டிசம்பரில் அந்தக் கூலியில்லா உழைப்பு என்னவாக இருந்தது? வீட்டுச் சுவரில் இடுப்பளவு கறுப்புக் கோடு. பாத்திரம், பாய், பிள்ளையின் புத்தகப் பை எல்லாவற்றிலும் பிசுபிசுப்பு. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, சோப்பு போட்டுக் கழுவி, மறுபடி துடைத்தார்கள். கை அரித்தது, தலை வலித்தது. ஆற்றில் எண்ணெய் அள்ளிய ஆண்களுக்குக் கையுறை இல்லை என்று பத்திரிகைகள் எழுதின, எழுத வேண்டியதுதான். வீட்டுக்குள் எண்ணெய் அள்ளிய பெண்களுக்குக் கையுறை கேட்டு எழுதியதை நான் பார்க்கவில்லை. அது வேலையாகவே யாருக்கும் தெரியவில்லை. வீட்டு வேலையில் ஈடுபடும் இந்தியப் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம் என்கிறது 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. எண்ணெய் நுழைந்த வீட்டில் அந்த 289 எத்தனை ஆகும்?

அந்த வேலை முடியும் முன்பே டிசம்பர் 26 நள்ளிரவு வந்தது. பெரியகுப்பம் அருகே கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, மக்கள் இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். கைக்குழந்தையைத் தூக்கியவர், நடக்க முடியாத மாமியாரை எழுப்பியவர், ஈரத்துணியைப் பிள்ளையின் முகத்தில் கட்டியவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து ஆலையை மூடச் சொல்லிப் பந்தல் போட்டபோது நாள்கணக்கில் உட்கார்ந்ததிலும் பெண்கள் முன்வரிசை.

இங்கே நம்மையும் விமர்சித்துக்கொள்ள வேண்டும். பந்தலில் பெண்கள் உட்கார்ந்தால் படம் நன்றாக வருகிறது. பேச்சுவார்த்தை என்று வந்தால் கூப்பிடப்படுவது ஊர் நிர்வாகிகள். ஊர் பஞ்சாயத்து பெரும்பாலும் ஆண்களுடையது. சூழலியல் பேசும் நாமும் "கடல் தாய்", "மண்ணைக் காக்கும் அன்னையர்" என்று எழுதி முடித்துவிடுகிறோம். அன்னை என்று சொன்னால் போதும், அவளுக்கு ஐஸ் காசும் தண்டல் வட்டியும் இருப்பது மறந்துபோகும். தியாகத்துக்கு நட்டஈடு கேட்க முடியாது, தொழிலுக்குக் கேட்கலாம். அவரைத் தொழிலாளி என்று எழுதுவதிலிருந்துதான் நாம் தொடங்க வேண்டும்.

கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. நட்டக் கணக்கு எடுக்கும் படிவத்தில் குடும்பம் என்ற கட்டத்துக்குக் கீழே அந்த வீட்டில் தொழில் செய்யும் ஒவ்வொருவர் பெயரும் தொழிலும் வரட்டும். மீனவ மகளிர் சேமிப்புத் திட்டப் பட்டியலும் தெரு வியாபாரிகள் பட்டியலும் பேரிடர் நிவாரணத்துக்கும் செல்லுபடியாகட்டும். விற்க முடியாமல் போன நாள்களுக்குக் கணக்கு இருக்கட்டும். சுத்தம் செய்யும் செலவு என்று ஆலையிடம் வசூலிக்கும்போது ஆறு மட்டுமல்ல, அடுப்படியும் அதில் சேரட்டும். கணக்கெடுக்க வரும் குழுவில் பெண்கள் இருக்கட்டும்.

எண்ணூரில் "அடுத்த முறை" என்பது கற்பனை அல்ல. 2017க்கு அடுத்தது 2023. இடையில் ஆலைகள் குறையவில்லை, மழையும் குறையப்போவதில்லை. படிவத்தை இப்போதே திருத்தினால்தான் உண்டு. வெள்ளத்துக்கு நடுவில் யாரும் திருத்த மாட்டார்கள்.

அக்கா இப்போதும் வருகிறார். நான் வாங்குகிறேன், அன்று வாங்காததை அவர் சொல்லிக்காட்டியதில்லை. அந்த மாதம் வாங்கிய தண்டலை அடைக்கச் சித்திரை வரை ஆனது என்று மட்டும் ஒரு நாள், மீனை ஆய்ந்துகொண்டே சொன்னார்.