அட்ஜஸ்ட்: பண்ணு, பண்ணிக்கோ, ஆயிடும்

தமிழில் புழங்கும் ஆங்கில வினைகளில் 'அட்ஜஸ்ட்' அளவுக்கு நாம் வேலை வாங்கும் சொல் குறைவு. ஆங்கிலம்–தமிழ் அகராதியில் 'சரிசெய்', 'பொருத்து', 'ஒழுங்குபடுத்து' என்று பொருள் இருக்கும். அந்தப் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு நாளைக்கூட ஓட்ட முடியாது. நம் பேச்சில் இது மூன்று வடிவங்களில் வருகிறது. மூன்றுக்கும் மூன்று பொருள்.

முதலாவது 'பண்ணு'. 1958-இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருப்பதால், இந்தப் பகுதிக்கு லேத் பட்டறையும் மெக்கானிக் கடையும் புதிதல்ல. "அண்ணே, பிரேக் லூசா இருக்கு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்றால், ஆங்கிலப் பொருள் சேதாரமில்லாமல் அப்படியே இருக்கிறது. எதைச் சரிசெய்வது என்று தெரியும். நட்டை எத்தனை திருகு திருகுவது என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். அளவு தப்பினால் சக்கரம் இறுகி நின்றுவிடும்.

இரண்டாவது 'பண்ணிக்கோ'. மெட்ரோ ரயில் 2015-இல் வந்துவிட்டது. ஆனாலும் ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் ஏறும்போது கேட்பது இன்றும் இதுதான்: "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." சில்லறை இல்லாத கண்டக்டரும் இதையே சொல்வார், தண்ணீர் வராத நாளில் ஹாஸ்டல் நடத்துபவரும் இதையே சொல்வார். இங்கே 'கொள்' என்ற துணைவினை சேர்ந்ததும் வாக்கியம் தலைகீழாகிவிடுகிறது. சரிசெய்ய வேண்டிய பொருள் காணாமல் போய், கேட்கிற ஆளே அந்தப் பொருளாகிவிடுகிறார். பிரேக் இருந்த இடத்தில் இப்போது நீங்கள்! சொல்பவர் பக்கம் எதுவும் மாறுவதில்லை.

மூன்றாவது 'ஆயிடும்'. "போகப் போக அட்ஜஸ்ட் ஆயிடும்." புதிதாகக் கல்யாணமானவளிடமும், ஐ.டி. கம்பெனியில் நைட் ஷிஃப்ட்டுக்குப் போகும் பையனிடமும் சொல்வது. இதில் செய்பவரே இல்லை. மழை பெய்வது மாதிரி அதுவாக நடந்துவிடுமாம்.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? பிற்கால லத்தீனில் 'அட்யுக்ஸ்தாரே' என்றால் 'அருகில் கொண்டுவா'. 'யுக்ஸ்தா' என்றால் 'பக்கத்தில்'. இது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வழியில் ஒரு குழப்பம் நடந்தது. லத்தீனில் 'நியாயமான' என்று பொருள்படும் 'யுஸ்துஸ்' என்ற வேறொரு சொல் உண்டு. ஆங்கிலத்தின் 'ஜஸ்டிஸ்' அதன் வழி வந்தது. ஒலி ஒத்துப்போனதால் மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். சொல்லின் எழுத்தும் பொருளும் அந்தப் பக்கம் சாய்ந்தன. பிறப்பால் 'நெருக்கம்', வளர்ப்பால் 'நியாயம்'.

இதை வைத்துப் பார்த்தால் ஷேர் ஆட்டோக்காரர் சொல்வது கொச்சைப் பயன்பாடே அல்ல. 'நெருங்கி உட்காருங்க' என்பது அந்தச் சொல்லின் ஆதிப் பொருளுக்கு வெகு அருகில் இருக்கிறது. நம் பேச்சில் உதிர்ந்துபோனது பின்னால் வந்து ஒட்டிய 'நியாயம்' மட்டும்தான்.

ஆங்கிலச் சொல் வந்து தமிழைக் கெடுத்துவிட்டது என்று இதற்குப் புலம்ப முடியாது. அதற்கு முன்பு வீடுகளில் சொன்னது "அனுசரிச்சுப் போ". வடமொழி 'அனுசர்' என்பதற்கு 'பின்தொடர்' என்று பொருள். அதையும் பெரும்பாலும் பெண்ணிடம்தான் சொன்னார்கள். ஆனால் தமிழில் வேறு வினைகளும் இருக்கின்றன. 'விட்டுக்கொடு' என்றால் ஒருவர் எதையோ இழக்கிறார் என்று சொல்லிலேயே இருக்கிறது. 'பொறுத்துக்கொள்' என்றால் வலி இருப்பதை ஒப்புக்கொண்டாயிற்று. 'தள்ளி உட்காரு' என்றால் இன்ன வேலை என்று தெளிவு. 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' இழப்பு, வலி, அளவு மூன்றையும் மறைத்துவிடுகிறது. அதனால்தான் கேட்பதற்கு இத்தனை இதமாக இருக்கிறது. மறுப்பதும் அதனால்தான் கஷ்டம். மறுத்தால் நாம்தான் அடம்பிடிப்பவர்.

இந்த மறைப்பு எவ்வளவு தூரம் போகும்? மலையாளத் திரைத்துறையில் பெண்களின் நிலையை ஆராய 2017-இல் கேரள அரசு அமைத்த நீதிபதி ஹேமா குழு, 2019-இல் அறிக்கை கொடுத்தது. 2024 ஆகஸ்ட்டில்தான் அது வெளியே வந்தது. அந்தத் துறையில் பெண்களுக்கு நன்கு பழக்கமான இரண்டு சொற்கள் என்று அது குறிப்பிட்டவை: 'காம்ப்ரமைஸ்', 'அட்ஜஸ்ட்மென்ட்'. வாய்ப்புக்காகப் பாலியல் இணக்கம் கேட்பதற்கான பெயர்கள் அவை. தமிழ்த் திரையுலகிலும் அதே சொல் அதே பொருளில் புழங்குகிறது. குற்றத்தைக் குற்றம் என்று சொல்லாமல் கேட்பதற்கு, பஸ் சீட்டில் சொல்லும் அதே சாதுவான வினை போதுமானதாக இருக்கிறது.

சொல்லைத் தடை செய்ய வேண்டியதில்லை. நாலாவது ஆளுக்கு இடம் கொடுக்கிற ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரு நல்ல வேலை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் யாராவது 'பண்ணிக்கோ' என்று சொல்லும்போது, அதை மனசுக்குள் 'பண்ணு' என்று மாற்றி, மெக்கானிக் கடைக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். எதை? எவ்வளவு? யார்? பதில் வந்தால் நகர்ந்து உட்காரலாம். வராவிட்டால், "நீங்க எவ்வளவு அட்ஜஸ்ட் பண்ணுவீங்க?" என்று திருப்பிக் கேட்பதில் தப்பே இல்லை.