ஐபோன் ஏர்: ஒல்லிக்குக் கொடுக்கும் விலை

செல்போன் கடைக்கு வருபவர்கள் வழக்கமாகக் கேட்பது சார்ஜ் நிற்குமா, படம் தெளிவாக விழுமா, எவ்வளவு குறைப்பீர்கள் என்பதுதான். இன்னும் ஒல்லியாக ஒன்று காட்டுங்கள் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்காத அதைத்தான் ஆப்பிள் செய்திருக்கிறது. 2025 செப்டம்பர் 9 அன்று அறிவிக்கப்பட்ட ஐபோன் ஏரின் தடிமன் 5.6 மில்லிமீட்டர், எடை 165 கிராம். இந்தியாவில் விலை 1,19,900 ரூபாயில் தொடங்குகிறது.

6.5 அங்குலத் திரையுள்ள போனை இவ்வளவு மெலிதாக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. கேமரா, சிப், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் முதுகில் மேலே புடைத்திருக்கும் மேட்டுக்குள் அடுக்கிவிட்டு, கீழே கிடைத்த இடத்தில் பெரும்பகுதியைப் பேட்டரிக்கு விட்டிருக்கிறார்கள். (5.6 என்ற கணக்கில் அந்த மேடு சேராது.) 2014இல் ஐபோன் 6 பிளஸ் பேன்ட் பாக்கெட்டிலேயே வளைந்த கதை தெரிந்தவர்களுக்கு இதிலும் அந்தப் பயம் வரும். வரத் தேவையில்லை. டைட்டானியச் சட்டம் வலுவானது. கையால் வளைத்துப் பார்த்த சோதனையில் தாக்குப்பிடித்தது. படுத்துக்கொண்டே போன் பார்ப்பவர்களின் மணிக்கட்டுக்கும் இந்த எடை நிம்மதி.

குறை எங்கே என்றால், மெலிவுக்காகக் கழற்றி வைத்ததற்கும் சேர்த்து நம்மிடம் காசு வாங்குகிறார்கள். அதே மேடையில் அறிவித்த ஐபோன் 17இன் விலை 82,900 ரூபாய். அதிலும் 256 ஜிபி, அதிலும் 120 ஹெர்ட்ஸ் திரை. கூடவே, ஏரில் இல்லாத அல்ட்ரா வைடு கேமராவும் கீழ்ப்பக்க ஸ்பீக்கரும் உண்டு. கல்யாண மண்டபத்தில் மொத்தக் குடும்பத்தையும் ஒரே படத்தில் அடக்க ஏர் வைத்திருப்பவர் பின்னால் நகர்ந்துகொண்டே போக வேண்டும். போனைப் படுக்கை வாட்டில் பிடித்துப் படம் பார்த்தால் சத்தம் ஒரு பக்கம் மட்டும்தான் வரும்.

பேட்டரியைப் பொறுத்தவரை ஆப்பிளின் கணக்குப்படி வீடியோ ஓட்டினால் ஏர் 27 மணி நேரம், ஐபோன் 17 முப்பது மணி நேரம். கேட்க வித்தியாசம் சின்னதுதான். ஆனால் முதுகில் ஒட்டிக்கொள்ளும் தனி பேட்டரி ஒன்றை இந்த போனுக்கென்றே 11,900 ரூபாய்க்கு விற்கிறார்களே, அது எதற்கு? ஐஃபிக்சிட் நிறுவனத்தார் பிரித்துப் பார்த்தபோது இன்னும் வேடிக்கை: போனுக்குள் இருக்கும் அதே பேட்டரி செல்தான் அதற்குள்ளும். ஒட்டிய பிறகு போன் ஒல்லியாகவும் இருக்காது.

எனக்கு மிகவும் இடிப்பது சிம் விஷயம். ஏரில் சிம் போடும் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். திருடன் சிம்மை உருவிப் போட முடியாது, அது நல்லதே. ஆனால் போன் கீழே விழுந்து திரை செத்துவிட்டால் நாம் என்ன செய்வோம்? சிம்மைக் கழற்றி வீட்டில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டில் போட்டு, பேங்க் ஓடிபியைப் பார்த்துவிட்டு அடுத்த வேலையைக் கவனிப்போம். ஏரில் அந்த வழி அடைபட்டுவிட்டது. பழைய போனில் இ-சிம் வசதி இல்லையென்றால் ஆதாரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் புது சிம் வாங்க வேண்டும். அப்படி மாற்றிய சிம்முக்கு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, மோசடியைத் தடுக்க நம் நாட்டில் வைத்திருக்கும் விதி அது. ஒரு நாள் முழுக்க ஓடிபி இல்லாமல் இருக்க வேண்டியதுதான்.

கையில் இன்னொரு போனும் செலவழிக்கத் தாராளமும் உள்ளவர்கள் ஏரை வாங்கலாம், அழகான பொருள்தான். ஒரே போனை மூன்று நான்கு வருஷம் ஓட்டுபவர்களுக்கு ஐபோன் 17 போதும், 37,000 ரூபாயும் மிச்சம். ஏர்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், பணம் கட்டுவதற்கு முன் உங்கள் சிம் நிறுவனத்தின் கடையில் இ-சிம்முக்கு மாற எத்தனை நாளாகும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.