நாற்பத்து நான்குக்கு ஒன்பது

மரக்காணத்து அளங்களில் ஐப்பசி மழை இறங்கி, பாத்தியும் வரப்பும் ஒரே நீர்ப்பரப்பாகி, அம்பாரங்களுக்குப் பனையோலை வேய்ந்து, இனிப் பொங்கல் கழியும் வரையில் வாருபலகைக்கு வேலையில்லை என்று ஆன பிறகுதான் எங்கள் வீட்டு டாட்ஜ் லாரியின் ஆக்ஸில் கூட்டைப் பிரிப்பது வழக்கம். உப்பு மூட்டையிலிருந்து கசிகிற நீர் எந்த ஸீலையும் மதிப்பதில்லை. ஒரு பருவம் ஓடி முடிந்தால் டிஃபரன்ஷியல் எண்ணெய் மோர் நிறத்தில்தான் வெளியே வரும். அப்படித் திறந்த ஒரு மழைக்காலத்தில், 1960களின் நடுவில், பழைய கிரவுன், பினியன் பல்சக்கரங்களைத் திரும்ப வைக்காமல் வேறொரு ஜோடியை வைத்து மூடினார் எங்கள் மேஸ்திரி. கச்சேரிக்குப் போய் வந்தவர்கள் ஒரு ராக ஆலாபனையை நாற்பது வருஷம் பேசிக்கொண்டிருக்கிறார்களே, அதுபோல அந்த நான்கு நாள் வேலையை நான் இன்னும் மனத்துக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

யுத்தத்துக்கென்று 1942 முதல் 1945 வரை செய்த முக்கால் டன் டாட்ஜின் குணம் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. 92 குதிரைச் சக்தி, 9.00-16 டயர், ஆக்ஸிலில் 5.83 விகிதம். பள்ளத்தில் விழுந்தால் எழுந்து வர வேண்டும், சேற்றில் பீரங்கியை இழுக்க வேண்டும் என்று நினைத்துச் செய்தவர்கள், யுத்தம் முடிந்து டிஸ்போசல் ஏலத்தில் அதை ஓர் உப்பு வியாபாரி எடுத்து, திண்டிவனத்தில் ஜி.எஸ்.டி. சாலை ஏறி மதராஸ் வரையில் ஒரே மூச்சில் போகப் பிரியப்படுவான் என்று எதிர்பார்த்திருக்க நியாயமில்லை. மணிக்கு 54 மைல் ஓடும் என்று புஸ்தகத்தில் போட்டிருந்தது வாஸ்தவம். ஆனால் அந்த வேகத்தில் எஞ்சின் போடுகிற கூச்சலில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் தகப்பனார் பேசுவது எனக்குக் கேட்காது. யுத்தத்துக்குப் பின் அதே வம்சத்தில் பொதுஜனங்களுக்காக வந்த பவர் வேகனில், வேண்டுமென்று கேட்பவர்களுக்கு 4.89 விகிதத்தில் ஒரு ஜோடி கொடுத்தார்கள். அந்த ஜோடிதான் மேஸ்திரியின் கண்ணில் விழுந்தது. 50 மைல் வேகத்தில் பழைய பல்லுக்கு எஞ்சின் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 2,900 சுற்று சுற்ற வேண்டும். புதிய பல்லுக்கு 2,400 போதும். ஐந்நூறு சுற்று குறைவது எவ்வளவு பெரிய மௌனம் என்பது, நெடுஞ்சாலையில் அதன் முன்னும் பின்னும் ஓட்டியவர்களுக்கே தெரியும்.

உப்புக்கும் அச்சுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் எங்கள் ஊர்தான் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய அபிப்பிராயம். புறநானூற்று 102-ஆம் பாட்டில் ஔவையார், உப்பு வணிகரான உமணர்கள் மேடுபள்ளத்துக்குப் பயந்து வண்டியின் கீழ்மரத்தில் கட்டி எடுத்துச் சென்ற சேம அச்சை, ஓர் அரச குமாரனுக்கு உவமையாக வைக்கிறார். உப்பு வண்டிக்காரனுடைய கவலை எஞ்சினைப் பற்றியதாக இருந்ததே இல்லை. அது எப்போதும் அச்சைப் பற்றியதுதான்.

ஆக்ஸிலில் பல்லை மாற்றுவதை ஒப்புக்கொள்ளாதவர்கள் அன்றும் இருந்தார்கள். பல்லைத் தொடாமல் டயரைப் பெரிதாக்கினால் போதாதா என்பது ஒரு கட்சி. போதும், ஆனால் ஸ்டீரிங் கனத்துப்போகும், பிரேக் அந்தப் பெரிய சக்கரத்தை நிறுத்தத் திணறும், வண்டியும் செருப்புப் பெரிதான சிறுவனைப்போல் நடக்கும். எஞ்சினையே மாற்ற வேண்டும் என்பது இன்னொரு கட்சி. சிம்ஸன் கம்பெனி மதராஸில் பெர்கின்ஸ் பி6 டீஸல் செய்யத் தொடங்கிய பிறகு, பெட்ரோல் குடிக்கிற அமெரிக்க லாரிகளின் வயிற்றில் அதை ஏற்றுவது ஒரு மோஸ்தராகவே ஆகிவிட்டது. பெட்ரோல் செலவு குறைந்தது என்னவோ மெய்தான். ஆனால் பி6-க்கு 2,400 சுற்றோடு மூச்சு முடிந்துவிடும், 5.83 பல்லை அப்படியே விட்டு அதை ஏற்றியவர்கள் 41 மைலுக்கு மேல் போக முடியாமல், கடைசியில் ஆக்ஸிலைத் தேடித்தான் வந்தார்கள். பத்துச் சக்கரத்து ஜி.எம்.சி.யே லாரி, மற்றவை பொம்மை என்கிறவர்களோடு நான் வாதிடுவதில்லை. 6.6 விகிதத்தில் மூன்று ஆக்ஸிலைத் தூக்கிக்கொண்டு 45 மைலில் திருப்தியடைகிற அந்தப் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

பல்லை மாற்றுவதில் ஒரு நஷ்டமும் உண்டு. அதை மறைப்பது ரசிகனுக்கு அழகல்ல. எங்கள் டாட்ஜின் டிரான்ஸ்ஃபர் பெட்டியில் இறக்கக் கியர் கிடையாது. ஆகையால் ஆக்ஸிலில் விட்டுக்கொடுத்த இழுவையை வேறெங்கும் திரும்பப் பெற வழியில்லை. கழுவேலிப் பக்கத்துக் களிமண் வரப்பில் பாரத்தோடு கிளம்பும்போது கிளட்சை முன்னைவிட மெதுவாக விட வேண்டியிருந்தது. என் தகப்பனார் இதைச் சொல்லிக்காட்டாத வருஷம் இல்லை.

மேஸ்திரி அந்தப் பல் செட்டுகளை மதராஸ் புதுப்பேட்டையில் பழைய சாமான் குவியலிலிருந்து எடுத்து வந்தார். இரண்டு செட்டு. முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் விகிதம் ஒன்றாக இல்லாவிட்டால், நான்கு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டின மாத்திரத்தில் வண்டி தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு எதையாவது உடைக்கும். ஒவ்வொரு கிரவுனிலும் பினியனிலும் பொறித்திருந்த ஜோடி எண்ணைச் சாக்குத் துணியால் துடைத்து, வெயிலில் பிடித்து, ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். பழைய செட்டு 35-க்கு 6. புதிய செட்டு 44-க்கு 9. இரண்டிலும் பொதுக் காரணி கிடையாது. பினியனின் ஒரு பல் கிரவுனின் ஒவ்வொரு பல்லையும் தொட்டு வந்த பிறகே முதலில் தொட்ட பல்லிடம் திரும்பி வரும். தேய்மானம் ஒரே இடத்தில் குவியாமல் எல்லாப் பல்லுக்கும் பகிர்ந்து போவதற்காகச் செய்த சூட்சுமம் அது. மேஸ்திரிக்குப் பொதுக் காரணி என்ற சொல் தெரியாது. "எல்லாரையும் பார்த்துட்டுத்தான் தம்பி மறுபடி வீட்டுக்கு வரும்" என்றார்.

பிறகு வந்ததுதான் நீலம். பேரிங்கும் ஷிம்மும் வைத்துப் பூட்டி, பல்லிடையிலுள்ள ஆட்டத்தை அங்குலத்தில் ஆயிரத்தில் எட்டு என்ற அளவுக்குக் கொண்டுவந்து, கிரவுனின் ஏழெட்டுப் பல்லுக்கு மட்டும் புளூவைச் சுண்டுவிரலால் சந்தனம் பூசுவதுபோல் மெல்லியதாகப் பூசினார். ஒரு மரக்கட்டையைக் கிரவுனுக்கு அண்டைகொடுத்து அழுத்தச் சொல்லி என் கையில் கொடுத்தார். தாம் பினியனைச் சுற்றினார். நீலம் பூசின பல்லின் நடுவில், பினியன் தொட்டு அழுத்தின இடம் மாத்திரம் வெளுத்து, புளியங்கொட்டை அளவில் ஒரு தடம் விழுந்தது. அந்தத் தடத்தைப் படிப்பதே வித்தை. மற்றதெல்லாம் ஸ்பானர் வேலை.

தடம் பல்லின் உச்சியில் விழுந்தால் பினியன் கிரவுனைவிட்டு விலகி நிற்கிறது. அடியில் விழுந்தால் மிகவும் நெருங்கிவிட்டது. கிரவுனை நெருக்கினால் தடம் உள்முனைக்கு நகரும். விலக்கினால் வெளிமுனைக்கு ஓடும். ஒன்றைத் திருத்தப் போனால் மற்றொன்று கெடும். ஆயிரத்தில் மூன்று அங்குல ஷிம் ஒன்றை எடுப்பதும் ஐந்து ஒன்றை வைப்பதுமாகப் பின் ஆக்ஸிலை மட்டும் பதினோரு தடவை பிரித்துப் பூட்டியதாக எனக்கு ஞாபகம். ஒன்பதாவது தடவையில் தடம் எனக்கு அப்பழுக்கில்லாமல் நட்டநடுவில் விழுந்திருந்ததாகத் தோன்றி, "போதுமே மேஸ்திரி" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "இது காலி வண்டிக்கு விழுந்த தடம். நீ இதுமேல உப்பு ஏத்தப் போற. பாரம் ஏறினா தடம் வெளியே தள்ளும் தம்பி, இப்பவே கொஞ்சம் உள்ளே இருக்கணும்" என்று சொல்லி, மறுபடியும் பிரித்தார். கடைசியில் அவர் திருப்தியடைந்த தடம், பார்ப்பதற்கு நடுவைவிட்டு உள்முனைப் பக்கம் சற்றே ஒதுங்கி, அளவுகோல் வைத்துப் பார்ப்பவனுக்குக் குறையுள்ளதுபோல இருந்தது. பட்டறை மேஜையில் சரியாக இருப்பது வேறு, நாற்பது மூட்டை உப்போடு சரியாக இருப்பது வேறு என்பதை அந்தப் பையன் வயதில் நான் நீலத்தில் பார்த்தேன்.

முன் ஆக்ஸிலுக்கு வந்தபோது இன்னொரு நுட்பம். கூடு அதேதான், பல்லும் அதேதான். ஆனால் முகம் திரும்பி உட்காருவதால், முன்னே ஓடும்போது பல்லின் மறுபக்கம் பாரம் தாங்கும். ஆகவே மேஸ்திரி அங்கே குவிந்த பக்கத்தை விட்டுக் குழிந்த பக்கத்துத் தடத்தையே பிரதானமாகப் பார்த்தார். இதை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டதற்கு, பழைய பல்லின் தேய்மானமே சொல்லிற்று என்றார்.

சமீப காலத்தில் ஒரு நகரத்துப் பட்டறையில் என் நண்பருடைய பழைய ஜீப்புக்கு இதே வேலையைச் செய்தார்கள். ஒரு செட்டின் கிரவுனுக்கு வேறொரு செட்டின் பினியனைப் பொருத்தி, பழைய ஷிம்மையே போட்டு, நீலம் என்ற பேச்சே இல்லாமல் ஒரு பகற்பொழுதில் மூடிக் கொடுத்துவிட்டார்கள். வண்டி 30 மைலிலிருந்து நரியைப்போல் ஊளையிட்டது. கேட்டதற்குத் தடித்த எண்ணெய் ஊற்றச் சொன்னார்கள். அமெரிக்காவில் இன்று ராணுவம் கழித்த எல்.எம்.டி.வி. லாரிகளை ஏலத்தில் எடுத்து, உள்ளே வீடு கட்டிக்கொண்டு தேசாடனம் செய்கிறவர்கள், நடுப்பல்லின் 3.90 விகிதத்தை 3.07 ஆக்கி, சக்கர முனையின் இரட்டிப்பையும் சேர்த்து மொத்தம் 7.80-ஐ 6.14-க்குக் கொண்டுவருகிறார்கள். அவர்களிடம் டயல் கேஜும் பளபளக்கிற கருவிகளும் இருக்கின்றன. ஆயினும் முடிவில் பல்லுக்குச் சாயம் பூசித் தடம் பார்த்துத்தான் மூடுகிறார்கள். நம்மவர்களுக்கு அந்த ஒரு டப்பா நீலத்துக்குப் பொழுதில்லை.

மேஸ்திரி பூட்டிக் கொடுத்த மறுநாள் காலை, மூட்டை ஏற்றித் திண்டிவனம் ரோட்டில் கிளம்பினோம். காலியாக வந்தபோது பின்புறத்திலிருந்து தம்பூராவின் மந்தரத் தந்திபோல மெல்லிய ஒரு ரீங்காரம் இருந்தது. பாரம் ஏறியதும் அது அடங்கிவிட்டது. ஜி.எஸ்.டி. சாலையில் ஏறின பின், தகப்பனார் முதல் தடவையாக அந்த வண்டிக்குள் சாதாரணக் குரலில் உப்பு விலையைப் பற்றிப் பேசினார்.

வண்டி இன்றும் கொட்டகையில் இருக்கிறது. பார்க்க வருகிற அன்பர்கள் ஓட்டிப் பார்க்கவும் கேட்கிறார்கள், கொடுக்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம். பல்லை மாற்றிய மேஸ்திரி வேகமானியின் பல்லை மாற்றவில்லை. முள் 40 மைல் என்று காட்டும்போது வண்டி 48 மைலில் போய்க்கொண்டிருக்கும்.